முதலில் நல்ல ஜூஸ், அப்புறம் வோட்கா

வாசகர் கேள்வி:

அண்ணா, வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 29. வேலை விஷயமாகப் பெங்களூர் போனபோது ஒரு பாரில் சின்னக் கிளாஸில் எலுமிச்சை ஷாட் கொடுத்தார்கள். ஓரத்தில் சர்க்கரை, உள்ளே வோட்கா. புளிப்பும் இனிப்பும் ஒன்றுக்கொன்று சரியாக நின்றன. அதை வீட்டில் செய்ய மூன்று ஞாயிற்றுக்கிழமை பாடுபட்டுவிட்டேன். முதல் தடவை பல்லெல்லாம் கூசிப்போச்சுங்க. சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கினால் பாதி அடியில் மணலாக நிற்கிறது. அடுத்த தடவை கடையில் வாங்கிய ஸ்குவாஷை ஊற்றினேன், இருமல் மருந்து மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவது தடவை முதல் நாள் ராத்திரியே பழத்தை நாலாக வெட்டி மிக்சியில் அடித்து, வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஒரே கசப்பு. தங்கச்சிக்கு இது தலை தீபாவளி. மாப்பிள்ளையும் அவர் நண்பர்கள் இரண்டு பேரும் வருகிறார்கள். அப்பாவும் மாமாவும் குடிப்பதில்லை. எப்படிச் செய்வது என்று அளவோடு சொல்லுங்கள்.

பதில்:

தம்பிக்கு வணக்கம். மூன்று தடவையும் என்ன செய்தீர்கள் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

கோவையில் ஒரு ஹோட்டல் பாரில் பதினோரு வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். சேர்ந்த முதல் மாதம் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒரு பாட்டிலைக்கூடத் தொட விடவில்லை. தினமும் எலுமிச்சை ஜூஸ் போடச் சொல்வார், ஒரு வாய் குடித்துப் பார்ப்பார், "இன்னும் வரலை" என்று கொட்டிவிடுவார். அன்றைக்குக் கோபமாக இருந்தது. இன்றைக்கு உங்களுக்கும் அதையேதான் சொல்லப் போகிறேன். வோட்காவுக்குப் பெரிய ருசி கிடையாது, காரம்தான் உண்டு. நீங்கள் தேடுகிற அந்த ருசி முழுக்க எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர் மூன்றுக்குள் இருக்கிறது. அந்த மூன்றும் சரியாக வராத வரை வோட்கா பாட்டில் மூடியோடேயே இருக்கட்டும்.

நீங்கள் குடித்தது லெமன் டிராப் என்கிற ஷாட். 1970-களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஹென்றி ஆப்பிரிக்காஸ் என்ற பாரில் பிறந்தது என்பார்கள். எலுமிச்சை மிட்டாயின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். அந்த ஊர்க் குறிப்புகளில் 'லெமன்' என்று வருவது பெரிய, மொத்தத் தோல் மஞ்சள் பழம். நம் சந்தையில் கிடைக்கும் மெல்லிய தோல் சின்னப் பழத்தை அவர்கள் 'லைம்' என்பார்கள். இரண்டுக்கும் புளிப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், சாற்றில் சுமார் 6 சதவீதம் அமிலம். ஆனால் நம் பழத்தில் ஒரு கசப்பு ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அழுத்திப் பிழிந்தால் அது முன்னால் வந்துவிடும். உங்கள் மூன்றாவது தடவையில் நடந்தது இதுதான். தோல், அதன் அடியில் இருக்கும் வெள்ளைச் சதை, விதை எல்லாம் மிக்சியில் அரைபட்டன. கசப்பு அங்கேதான் இருக்கிறது. போதாததற்கு ராத்திரி முழுக்க வைத்திருந்தீர்கள். எலுமிச்சைச் சாறு நேரம் ஆக ஆக வாசனையை இழக்கும், கசப்பும் கூடும்.

அதனால் பழத்தை அன்றைக்கே பிழியுங்கள், நாலைந்து மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வாங்கும்போது விறைப்பான பச்சைக் காயை ஒதுக்கிவிட்டு, மஞ்சள் ஏறி, தோல் மெலிந்து, கையில் எடுத்தால் கனமாக இருப்பதைப் பொறுக்குங்கள். சமையல் மேடையில் வைத்து உள்ளங்கையால் நன்றாக உருட்டி, குறுக்கே வெட்டி, ஒரே ஒரு தடவை பிழியுங்கள். கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட வேண்டாம். ஒரு பழத்துக்கு 15 மில்லி கிடைத்தால் போதும். டீ வடிகட்டியில் வடித்து, கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் வையுங்கள். அலுமினியம், பித்தளை இரண்டும் புளிப்புக்கு ஆகாது.

அடுத்தது சர்க்கரை. குளிர்ந்த நீரில் சர்க்கரை மெதுவாகத்தான் கரையும், சாராயம் கலந்ததில் இன்னும் கரையாது. அடியில் மணல் நின்றது அதனால்தான். பாகாகத்தான் ஊற்ற வேண்டும். 200 கிராம் வெள்ளைச் சர்க்கரை (நம் ஆத்தா காலத்தில் அஸ்கா என்பார்களே, அதுதான்), 200 மில்லி தண்ணீர். சூடாக்கி, கரைந்து தெளிந்த உடனே அடுப்பை அணைத்துவிடுங்கள். கச்சாயத்துக்குப் பாகு எடுப்பது போல் பதம் பார்த்து நிற்கக் கூடாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றும், அளவு மாறிவிடும். ஆறியபின் சுமார் 325 மில்லி பாகு இருக்கும். அதில் 15 மில்லிக்கு 9 கிராம் சர்க்கரை இருக்கும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையில் செய்தால் என்ன என்று உங்கள் வீட்டில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சரக்கு அது, எனக்கும் உயிர். ஆனால் அதன் கரும்பு வாசனை எலுமிச்சையை மூடிவிடும், நிறமும் பழுப்பாகிவிடும். ரம்மோடு சேர்த்தால் அருமையாக இருக்கும், வோட்காவுக்கு வேண்டாம். ஸ்குவாஷ் வேண்டவே வேண்டாம். அதில் சர்க்கரையும் புளிப்பும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்ட உங்களுக்கு வழியே இல்லை.

இப்போது அளவு. இருமல் மருந்தோடு கோடு போட்ட ஒரு சின்ன மூடி வருமே, அதைக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல அளவுக் கிண்ணம் இந்த வேலைக்குத் தேவையில்லை. நான் தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் ஒரு கல்யாண ரிசப்ஷன் பார்ட்டியில் கைக்கணக்கை நம்பி ஊற்றினேன். முதல் தட்டு நன்றாக இருந்தது. இரண்டாவது தட்டிலிருந்து இனிப்பு ஏறிக்கொண்டே போனது எனக்குத் தெரியவே இல்லை. பாதி கிளாஸ் அப்படியே திரும்பி வந்தது. அன்றிலிருந்து கைக்கணக்குக்கு நான் போவதில்லை.

ஒரு கிளாஸில் சாறு 25 மில்லி, பாகு 25 மில்லி, நன்றாகக் குளிர்ந்த தண்ணீர் 90 மில்லி. அந்த 90-இல் 60 வோட்காவின் இடம், 30 ஐஸ் உருகிச் சேரும் தண்ணீரின் இடம். கலக்கிக் குடித்துப் பாருங்கள். வழக்கமாகக் குடிக்கும் ஜூஸைவிட இனிப்பும் புளிப்பும் இரண்டுமே ஒரு படி தூக்கலாக இருக்க வேண்டும். முதலில் இனிப்பு தெரிந்து, விழுங்கியதும் புளிப்பு வந்து வாயைச் சுத்தமாக்கினால் சரி. புளிப்பு தாடையைப் பிடித்தால் பாகை 5 மில்லி கூட்டுங்கள். உதட்டில் பிசுபிசுவென்று நின்றால் சாற்றை 5 மில்லி கூட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பழத்துக்குப் பழம் புளிப்பு வேறு என்பதால், தீபாவளிக்கு வாங்கும் பழத்துக்கு அன்று காலையிலேயே ஒரு தடவை இப்படிப் பார்த்துவிடுங்கள். குளிர்ச்சியாக வைத்துத்தான் பார்க்க வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். குளிரில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும். சாதாரணச் சூட்டில் சரியாக இருந்தது, ஐஸ் போட்டதும் புளிப்பாகத் தெரியும். கடைசியில் இரண்டு விரலால் எடுக்கும் உப்பில் பாதி போடுங்கள். உப்புக் கரிக்கக் கூடாது. மிச்சம் இருக்கும் கசப்பை அது அடக்கும்.

இந்த ஜூஸ் கைக்கு வந்தபின் வோட்காவைத் திறக்கலாம். 60 மில்லி வோட்கா, உங்கள் கணக்குப்படி சாறு, பாகு, அந்த உப்பு. ஷேக்கர் வாங்க அலைய வேண்டாம். திருகு மூடி போட்ட, வாய் அகலமான எவர்சில்வர் பாட்டில் இருந்தால் போதும். ஆறேழு ஐஸ் கட்டி போட்டு, இறுக்கி மூடி, 15 எண்ணும் வரை வேகமாகக் குலுக்குங்கள். பாட்டிலின் வெளியே பனி பூத்து, பிடிக்க முடியாமல் கை விறைக்க வேண்டும். வடிகட்டியில் ஊற்றினால் சுமார் 140 மில்லி வரும், 45 மில்லி வீதம் மூன்று ஷாட். நாலு பேருக்கு இரண்டு தடவை குலுக்க வேண்டியிருக்கும். ஒரே தடவையாக எல்லாவற்றையும் அடைத்துக் குலுக்கினால் குளிர் ஏறாது.

முதல் தடவை பல் கூசியதற்கு நீங்கள் சர்க்கரை போதவில்லை என்று நினைத்தீர்கள். எனக்கென்னவோ தண்ணீர் போதவில்லை என்றுதான் படுகிறது. ஐஸைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. குலுக்கும்போது ஐஸ் உருகி, இருப்பதில் கால்வாசி அளவுக்குத் தண்ணீர் சேர வேண்டும். வோட்காவின் எரிச்சலும் எலுமிச்சையின் கூர்மையும் அதில்தான் தணிகின்றன. இதே காரணத்துக்காக வோட்காவை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். அது உறைந்துவிடாது, ஆனால் அவ்வளவு குளிர்ந்த வோட்காவில் ஐஸ் போதுமான அளவு உருகாது. கிளாஸை வேண்டுமானால் ஃப்ரீசரில் வையுங்கள், பாட்டில் வெளியே இருக்கட்டும்.

ஐஸ் எந்தத் தண்ணீரில் என்பதும் பெரிய விஷயம். எங்களுக்குக் கோவையில் சிறுவாணி வந்துகொண்டிருந்தது, கவலையில்லை. திருப்பூரில் போர் தண்ணீரைச் சொல்ல வேண்டியதில்லை. உப்புத் தண்ணீரின் காரத்தன்மை புளிப்பைத் தின்றுவிடும், வாயில் ஒரு சுண்ணாம்பு ருசி நிற்கும். ஐஸுக்கும் பாகுக்கும் நல்ல தண்ணீர்தான். ஃப்ரீசரில் கறி, மீன் பக்கத்தில் ட்ரே திறந்து கிடக்கவும் கூடாது.

கிளாஸ் ஓரத்துச் சர்க்கரைக்கு, எலுமிச்சைத் தோலின் மேல் நிறத்தை மட்டும் காரட் துருவியின் சின்னக் கண்ணில் லேசாகத் துருவி, இரண்டு ஸ்பூன் பொடித்த சர்க்கரையோடு விரலால் கசக்குங்கள். வாசனை தோலில் இருக்கும் எண்ணெயில்தான் இருக்கிறது. வெட்டிய பழத்தால் கிளாஸின் பாதி ஓரத்தை மட்டும் ஈரமாக்கி அதில் தொட்டு எடுங்கள். இனிப்பு வேண்டுகிறவர் அந்தப் பக்கம் குடிப்பார், வேண்டாதவர் மறுபக்கம். எலுமிச்சைத் தோலுக்குப் பதில் கமலா ஆரஞ்சுத் தோலைத் துருவினால் வேறு ஒரு ருசி வரும். வோட்கா, லைம் சாறு, டிரிபிள் செக் என்ற ஆரஞ்சு மது மூன்றையும் சம அளவில் சேர்த்து கமிகாசி என்று ஒன்று செய்வார்கள். டிரிபிள் செக் நம் டாஸ்மாக் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. ஆரஞ்சுத் தோல் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் கூட்டிப் போகும்.

அப்பாவையும் மாமாவையும் பற்றி எழுதினீர்களே, அது எனக்குப் பிடித்திருந்தது. காலையில் ருசி பார்த்த அந்த ஜூஸ் இருக்கிறதே, அதையே ஐஸோடு குலுக்கி அதே கிளாஸில், அதே சர்க்கரை ஓரத்தோடு அவர்களுக்குக் கொடுங்கள். பாகில் பாதியை நன்னாரி சர்பத்தாக மாற்றினால் இன்னும் நன்றாக இருக்கும். அதற்குத் தனி பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், வோட்கா பட்ட பாட்டில் வேண்டாம். மாப்பிள்ளையின் நண்பர்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும் இதையே நீட்டுங்கள், இரண்டாவது தடவை கேட்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஷாட் சரியாக வந்தால் உள்ளே மது இருப்பதே தெரியாது. அதுதான் இதில் இருக்கும் ஆபத்து. மேலே சொன்ன கணக்கில் ஒரு ஷாட்டில் 20 மில்லி வோட்கா இருக்கிறது, மூன்று ஷாட் ஒரு லார்ஜ். எலுமிச்சை மிட்டாய் மாதிரி ஆறு ஷாட் போய்விட்டால் இரண்டு லார்ஜ் அரை மணி நேரத்தில் உள்ளே போயிருக்கும். ஆளுக்கு இரண்டு, அதுவும் சாப்பாட்டுக்கு நடுவில் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொட்டுக்கொள்ள பள்ளிபாளையம் சிக்கன் என்றால் மிளகாயைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். மிளகாய் எரிச்சலும் வோட்கா எரிச்சலும் சேர்ந்தால் நீங்கள் இத்தனை பாடுபட்டுப் பிடித்த ருசி யாருக்கும் தெரியாது. வருகிறவர்களில் 21 வயது ஆகாதவர் யாரும் இருந்தால் அவருக்கு ஜூஸ்தான், தமிழ்நாட்டுச் சட்டமும் அதுதான். அன்று இரவே காரை எடுத்து சேலம் ரோட்டைப் பிடிக்கிற திட்டம் யாருக்காவது இருந்தால் ஓட்டுகிறவருக்கு ஒரு ஷாட்கூட வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினாலே குற்றம், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. முடிந்தால் எல்லோருக்கும் வீட்டிலேயே படுக்கை போட்டுவிடுங்கள்.

பாகை முந்தின நாளே செய்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஒரு வாரத்துக்குக் கெடாது. பழம் ஒரு டஜன் வாங்குங்கள், ஜூஸுக்கும் சேர்த்துச் சரியாக இருக்கும். ஐஸ் ட்ரே குறைந்தது இரண்டு வேண்டும். அதில் முதல் நாள் ராத்திரியே நல்ல தண்ணீரை ஊற்றி வைத்துவிடுங்கள்.