வீட்டில் யாரும் குடிப்பதில்லை, மார்கரெட் ரிவர் பக்கம் போவது வீணா?

கேள்வி கேட்டவர் பெர்த்தில் இருக்கிறார். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். பஸ்ஸல்டன் கடற்கரைக்குக் கூட்டிப் போகலாம், ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் மார்கரெட் ரிவர் ஒயின் ஊராச்சே, குடிக்காத குடும்பத்துக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கிறார். எனக்கு முன்னால் பதில் சொன்ன இரண்டு பேர் "பஸ்ஸல்டனோடு திரும்பிவிடுங்கள், பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ஒயின் கடைக்குப் போவது நன்றாக இருக்காது" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குடிக்கச் சொல்லி யாரையும் தூண்டவில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் குடிப்பதில்லை. என் கணவர் மட்டும் ஆபீஸ் விருந்தில் ஒரு கிளாஸ் பிடித்துக்கொண்டு நிற்பார், அதுவும் கடைசிவரை அப்படியே இருக்கும். கமெண்ட்டில் வந்து "கலாச்சாரம்" என்று ஆரம்பிப்பவர்கள் முழுக்கப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பஸ்ஸல்டனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெர்த்திலிருந்து 220 கிலோமீட்டர், நடுவில் ஒரு காபி குடித்தாலும் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடல் அலையே இல்லாமல் ஏரி மாதிரி கிடக்கும். ஆழமில்லாத கரை என்பதால் கப்பல் கிட்டே வர முடியாமல், 1865-இல் மரத்தால் ஒரு பாலம் கட்ட ஆரம்பித்து, ஆழத்தைத் தேடி நீட்டி நீட்டி இன்றைக்கு அது 1,841 மீட்டர். 1978-இல் ஆல்பி புயல் அதில் ஒரு பெரிய பகுதியைப் பெயர்த்துப் போட்டது, திரும்பக் கட்டியிருக்கிறார்கள். முட்டி வலி உள்ளவர்களுக்குக் குட்டி ரயில் உண்டு. பாலத்தின் கடைசியில் கடலுக்குள் 8 மீட்டர் இறங்கிக் கண்ணாடி வழியாக மீன் பார்க்கலாம், டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். எங்கள் அம்மா பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "இந்த மீனையெல்லாம் யாரும் பிடிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். சைவம். அவருக்கு எதற்கு அந்தக் கவலை என்று இன்றுவரை தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் கம்பம் பக்கம். அப்பா முப்பது வருஷத்துக்கு மேலாகப் பன்னீர் திராட்சை போட்டவர். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தல். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தப் பந்தல் நிழலில்தான் வீட்டுப்பாடம். 2019 மார்ச்சில் அவர்கள் இங்கே வந்தபோது இதே கேள்வி எனக்கும் இருந்தது. ஒயின் என்றால் அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் "அப்பா, திராட்சைத் தோட்டம் பார்க்கப் போறோம்" என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லையே.

பஸ்ஸல்டனிலிருந்து கேவ்ஸ் ரோடு பிடித்துத் தெற்கே இறங்கினால் வில்யாப்ரப் என்ற பகுதி வரும். அங்கேதான் கொடி அடர்த்தி. ஒரு திருப்பத்தில் அப்பா, "நிறுத்து, நிறுத்து" என்றார். வேலியோரமாக இறங்கி நின்று பார்த்தவர் முகத்தில் அப்படி ஒரு ஏமாற்றம்.

"ஏத்தா, இது என்னா? பந்தலே இல்ல. வேலிக் கம்பியில கொடிய ஏத்தி விட்டுருக்கான்?"

உண்மைதான். இடுப்பளவு கொடி, வரிசை வரிசையாக, மேலே வெள்ளை வலை மூடியிருந்தது. அறுப்பு நேரம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை இங்கே அறுப்பு. வலை எதற்கென்றால், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சின்னக் குருவி ஒன்று இருக்கிறது, சில்வர்ஐ என்பார்கள். இங்கத்து மாரி மரம் பூக்கிற வருஷம் அது தேனோடு நின்றுவிடும். பூக்காத வருஷம் திராட்சைக்கு வந்துவிடும். 1967-இல் இந்தப் பகுதியில் முதலில் கொடி நட்டு ஒயின் தொழிலைத் தொடங்கியவர் டாம் கல்லிட்டி, பெர்த்தில் இதய மருத்துவர். வாஸ் ஃபீலிக்ஸ் அவர் வைத்த தோட்டம். குருவியை விரட்ட அவர் ஒரு வல்லூறைப் பழக்கிக் கொண்டுவந்து பறக்க விட்டார். அது நேராக மரத்துக்குப் போனது, திரும்பி வரவே இல்லை. இன்றும் அந்தத் தோட்டத்து ஒயின் பாட்டிலில் வல்லூறு படம்தான். இந்தக் கதையை அப்பாவுக்குச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பு! எங்கள் தோட்டத்தில் கிளிக்கும் மைனாவுக்கும் தகரம் தட்டித் தட்டி எங்கள் தாத்தாவுக்குக் காதே மந்தமாகிப் போனது.

வழியில் ஒரு சின்னத் தோட்டத்தில் நின்றோம். ஒரு குடும்பமே நடத்துவது, வார நாள், கூட்டமே இல்லை. கவுன்டரில் இருந்த பெண்ணிடம், "என் அப்பா இந்தியாவில் திராட்சை விவசாயி. ஒயின் வேண்டாம், கொடியைக் கிட்டே போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் முதலில் பார்த்தது அப்பாவின் காலை. "இந்தச் செருப்போடு அவர் தோட்டத்துக்குள் போயிருக்கிறாரா?"

போகாமல்? அது கம்பத்துச் செருப்பு. பழசைப் போட்டுக்கொண்டால்தான் கால் வலிக்காது என்று அதையேதான் கட்டிக்கொண்டு வந்தார். வேரைத் தின்கிற ஃபிலாக்சரா என்ற பூச்சி மேற்கு ஆஸ்திரேலியாவில் இல்லை. அது மண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதில் இவர்கள் அவ்வளவு கவனம். யாரும் அனுமதி கேட்காமல் கொடி வரிசைக்குள் கால் வைத்துவிடாதீர்கள், போட்டோவுக்குக்கூட. அந்தப் பெண் ஒரு தட்டில் மருந்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியும் கொடுத்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அப்பாவுக்கோ ஒரே சந்தோஷம். "பாத்தியா, கொடிக்கு எம்புட்டு மரியாத குடுக்கறாய்ங்க!"

தோட்டத்து ஆள் ஒருவர் வலையை ஒரு பக்கம் தூக்கிக் காட்டினார். கொத்து சின்னது, பழம் பட்டாணியை விடக் கொஞ்சம் பெரிசு. அப்பா அதை விரலால் உருட்டிப் பார்த்து, "இதைச் சந்தைக்குக் கொண்டு போனா ஏவாரி மூஞ்சியில எறிவான்" என்றார். பிறகு ஒன்றை வாயில் போட்டார். தோல் தடிப்பு, கொட்டை வேறு. மென்றுகொண்டே இருந்தார். "கல்கண்டா இருக்கே!"

அந்த ஆள் சட்டைப் பையிலிருந்து பேனா டார்ச் அளவில் ஒரு கருவி எடுத்தார். ஒரு பழத்தைக் கசக்கி அதன் கண்ணாடியில் சாற்றை விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அப்பாவிடம் கொடுத்தார். உள்ளே கோடு 23-இல் நின்றது. சாற்றில் சர்க்கரை எத்தனை சதவீதம் என்ற அளவு அது. அந்தச் சர்க்கரைதான் புளித்துச் சாராயமாக மாறுகிறது, அதனால்தான் இவ்வளவு இனிப்பு ஏறும்வரை கொடியிலேயே விடுகிறார்கள். "நீங்கள் எப்படி அளப்பீர்கள்?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அப்பா, "எங்க ஊர்ல ஏவாரி நெறத்தப் பாத்து ஒரு வெல சொல்லுவான், அதுதான் அளவு" என்றார். அதை நான் முழுசாக மொழிபெயர்க்கவில்லை.

கீழே சரளை மண், துருப் பிடித்த மாதிரி செம்பழுப்பு. அந்தத் துண்டில் பழைய கொடிகளுக்குத் தண்ணீரே பாய்ச்சுவதில்லை என்றார். அப்பா நம்பவில்லை. "கேளு, நல்லாக் கேளு, சொட்டு நீருகூடவா இல்ல?" இல்லை. குளிர்காலத்தில் கொட்டுகிற மழையோடு சரி, மண்ணுக்குள் தங்கியதை வேர் தேடிப் போய்க் குடிக்கிறது. பெரியாறு அணைத் தண்ணீரையும் முறைப் பாசனத்தையும் நம்பியே வாழ்ந்த மனிதருக்கு இது ஜீரணிக்கவில்லை.

அப்புறம் கவாத்துக்கு, அதாவது கொடியின் கிளைகளை வெட்டி விடுவதற்கு, வந்தது பேச்சு. இங்கே வருஷத்துக்கு ஒரு அறுப்பு. இலை உதிர்ந்து, கொடி தூங்கி, ஜூலை குளிரில் கவாத்து. கம்பத்தில் கொடிக்குக் குளிரே கிடையாது, அதனால் தூக்கமும் கிடையாது. நாம் கவாத்து வெட்டித்தான் எழுப்ப வேண்டும், நாலு மாசத்தில் பழம். ஒருத்தர் இந்த மாசம் வெட்டுவார், பக்கத்துத் தோட்டக்காரர் அடுத்த மாசம் வெட்டுவார், அதனால் வருஷம் பூராவும் சந்தையில் பழம் இருக்கும். அப்பா பெருமையாகத்தான் சொன்னார், நானும் பெருமையாகத்தான் மொழிபெயர்த்தேன். அந்த ஆள் கொஞ்ச நேரம் கொடியையே பார்த்துவிட்டு, "அப்படியென்றால் உங்கள் கொடி ஓய்வே எடுப்பதில்லையா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. காரில் ஏறி வெகுநேரம் கழித்து, "ஓய்வு எடுத்தா கடன யாரு கட்றது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சரி, ஒயின் பக்கமும் போனோம், மறைப்பானேன். கவுன்டர் பெண் அப்பாவுக்கு மரியாதை செய்வதாக நினைத்து ஒரு கிளாஸில் கொஞ்சமாக கேபர்னே என்ற சிவப்பு ஒயின் ஊற்றி வைத்தார். அப்பா குடிக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "அழுகுன பழத்தக் கூடையில கொட்டி வச்சா மறுநாள் இந்த வாசந்தான் வரும்" என்றார். பயந்துகொண்டே மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் கவுன்டரைத் தட்டிச் சிரித்தார். நாங்கள் செய்வதும் அதுதான், கொஞ்சம் கவனமாக அழுக விடுகிறோம் என்றார். அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி வாயில் வைத்துக் கொப்பளித்துவிட்டு ஒரு ஜாடியில் துப்பினார்கள். "காசு குடுத்து வாங்கிப் படிக்கத்துல துப்பறாங்களே, இதுக்கு எதுக்கு வாங்கணும்?" நியாயமான கேள்வி.

அங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். அப்பா கிளாஸை மூக்கில் வைத்திருக்கும் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அரை மணி நேரத்தில் பெரியப்பா பையனிடமிருந்து, "சித்தப்பாவைக் கூட்டிட்டுப் போய்க் குடிக்கப் பழக்குறியா?" என்று ஒரு செய்தி. எழுதியவன் யார் தெரியுமா, சனிக்கிழமை இரவானால் போனை எடுக்க முடியாத நிலையில் இருப்பவன். ஊரில் எல்லோருக்கும் தெரியும். "பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போவது நன்றாக இருக்காது" என்ற வரி எனக்கு ஏன் சுருக்கென்றது என்று இப்போது புரிந்திருக்கும்.

வந்ததற்கு இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நாங்கள் இரண்டு இரவு ஒரு வாடகை வீட்டில் தங்கினோம். எந்த வீடு என்று சொல்லப்போவதில்லை. அம்மா ஒரே ஒருநாள் சாம்பார் வைத்தார், ஜன்னலையெல்லாம் திறந்துவைத்துத்தான். திரும்பி வந்து மூன்றாம் நாள், "கடுமையான வாசனை" என்று முன்பணத்தில் சுத்தம் செய்யும் கூலி 150 டாலர் பிடித்துவிட்டார்கள். கவுன்டருக்குக் கவுன்டர், இந்த ஒயினில் புகையிலை வாசம் வருகிறது, ஈர மண் வாசம் வருகிறது, பழைய தோல் வாசம்கூட வருகிறது என்று கண்ணை மூடி ரசிக்கிற ஊர் அது. பெருங்காயம் மட்டும் கடுமையான வாசனையாம். நான் இரண்டு மெயில் போட்டேன், பதிலில்லை. கணவர் விடு என்றார். விடவில்லை, இதோ எழுதுகிறேனே.

அம்மாவுக்கு அந்தப் பயணத்தில் பிடித்தது தோட்டமும் இல்லை, கடலடிக் கண்ணாடியும் இல்லை. மார்கரெட் ரிவரிலிருந்து இன்னும் தெற்கே அகஸ்டா போனால் லீவின் முனை. இந்தியப் பெருங்கடலும் தென்பெருங்கடலும் சேருகிற இடம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். 1896-இல் விளக்கேற்றிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. காற்று ஆளைத் தள்ளும், புடவைக்கு ஊக்கு போதாது. கன்னியாகுமரி மாதிரியே இருக்கிறது என்றார். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு கோயில் இல்ல, ஒரு சோழி மாலை விக்கிறவன் இல்ல, இம்புட்டு இடத்த சும்மா போட்டு வச்சிருக்காங்க" என்றார்.

உங்களுக்கு உபயோகமாகச் சில விஷயம். வண்டி ஓட்டுகிறவர் எங்கேயும் சுவைத்துப் பார்க்க வேண்டாம், இங்கே ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதம்தான் எல்லை, புதுசாக லைசென்ஸ் எடுத்தவருக்குப் பூஜ்யம். சாயங்காலம் இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள், கங்காரு குறுக்கே பாயும். பெரிய தோட்டங்களில் சுவைப்பதற்குக் காசு வாங்குவார்கள், சும்மா வளாகத்தில் நடந்து பார்ப்பதற்குப் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். எங்களுக்கு நடந்தது எல்லாத் தோட்டத்திலும் நடக்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை. வார நாளில், சின்ன இடத்தில் கேட்டுப் பாருங்கள், இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதான். அம்மாவுக்கு முட்டி வலி என்றால் அங்குள்ள குகைகளில் மம்மத் குகையின் முன்பகுதியைப் பாருங்கள், அதற்கப்புறமும் மற்றக் குகைகளிலும் படி அதிகம்.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தவர்? அதைச் சொன்னால் எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று நான் யோசித்துச் சொல்கிறேன். விவசாயி என்றால் செருப்பைக் கழுவிக் காயவைத்துக் கொண்டு போங்கள்.