சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு எந்த மருந்து வாங்கலாம்?

கேள்வி: அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவரோடு மான் வேட்டைக்குப் போவதற்காக 50 காலிபர் சக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். குழல் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ரகம். கடையில் கருமருந்து கேட்டால் ‘டிரிபிள் செவன்’ டப்பாவை எடுத்து வைத்து, “எல்லாம் ஒன்றுதான்” என்கிறார்கள். பெரியவர் அதைத் தொடாதே என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: பெரியவர் சொல்வதுதான். டிரிபிள் செவன் நல்ல மருந்துதான், ஆனால் உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது. கடைக்காரர் ‘எந்த மாதிரித் துப்பாக்கி?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் துப்பாக்கியில் கல் போய் எஃகுத் தகட்டில் உரசும். பொறி கிண்ணியில் விழும். கிண்ணியில் இருக்கும் சிட்டிகை மருந்து எரிந்து, அந்தத் தீ குழலின் பக்கத்திலுள்ள ஊசித்துளை வழியாக உள்ளே போக வேண்டும். இவ்வளவு சின்னத் தீக்குச் சட்டென்று பற்றிக்கொள்வது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற பங்கில் செய்த நிஜக் கருமருந்து. டிரிபிள் செவன் மாதிரி, கருமருந்துக்குப் பதிலாக வந்த மாற்று மருந்துகள் பற்ற இன்னும் சூடு வேண்டும். டிரிபிள் செவனில் கந்தகமே கிடையாது. ‘பைரோடெக்ஸ்’ என்ற மாற்று மருந்து, கேப் (அடித்தால் தீப்பிடிக்கும் சின்ன உலோக மூடி) வைத்துச் சுடும் துப்பாக்கிக்குச் சரி. ‘பிளாக்ஹார்ன் 209’ பேரிலேயே சொல்லிவிடுகிறது, 209 பிரைமர் (கேப்பைவிடச் சூடான தீ தரும் பற்றவைப்பான்) இல்லாமல் அது வேலைக்காகாது. இவற்றைக் கெட்டித்துவிட்டு விசையை இழுத்தால் கிண்ணியில் புஸ்ஸென்று புகை வரும், குழலுக்குள் ஒன்றும் நடக்காது. மான் தலையைத் தூக்கி உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வழியே போகும். கிறிஸ்துமஸ் கழிந்து வரும் உங்கள் ஊர் மான் வேட்டைப் பருவத்துக்கு 1974-லிருந்து சக்கிமுக்கி மட்டும்தான் அனுமதி என்பதால், துப்பாக்கியை மாற்றித் தப்பிக்கவும் வழியில்லை.

பிறகு ஏன் கடையில் நிஜ மருந்து இல்லை? சட்டப்படி அது வெடிபொருள். விற்பவருக்குத் தனி உரிமம் வேண்டும், பத்திரப்படுத்தத் தனி ஏற்பாடு வேண்டும். மாற்று மருந்துக்கு இந்தத் தொல்லை குறைவு, அதனால் அலமாரி நிறைய அதுவே இருக்கிறது. வாங்குபவருக்குக் கெடுபிடி அவ்வளவு இல்லை: இந்தப் பழைய ரகத் துப்பாக்கியில் விளையாட்டுக்கோ வேட்டைக்கோ என்றால் 50 பவுண்டு வரை மத்திய அரசு உரிமம் கேட்பதில்லை. மாநில விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தபாலில் வரவழைத்தால் அபாயப் பொருள் கட்டணம் என்று ஒன்று சேரும். ஒரு டப்பாவுக்கு அதைக் கட்டினால் மருந்தைவிடக் கூலி கனக்கும். பெரியவருக்கும் சேர்த்து ஒரே பார்சலாகப் போடுங்கள்.

அடுத்தது பருமன். டப்பாவில் ‘எஃப்’ எத்தனை கூடுகிறதோ அத்தனை பொடி. 50 காலிபருக்கு 2எஃப் என்பது பழைய கணக்கு; கிண்ணிக்கு மாவு மாதிரி 4எஃப் தனியாக வாங்கச் சொல்வார்கள். நானாக இருந்தால் 3எஃப் ஒன்றே வாங்குவேன். குழலுக்கும் அதுதான், கிண்ணிக்கும் அதுதான், ஒரு டப்பாச் செலவு மிச்சம். ஆனால் 3எஃப் வேகமாக எரியும். 2எஃப் அளவிலிருந்து பத்து, பதினைந்து சதவீதம் குறைத்துப் போட வேண்டும். துப்பாக்கியோடு வந்த கையேடு 2எஃப் மட்டும் என்றால் அதையே கேளுங்கள்.

அளவு ‘கிரெயின்’ கணக்கு. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். வெடிக்கு 70 போட்டால் நூறு வெடி. பழக்கத்துக்கும் வேட்டைக்கும் இந்த வருஷம் அது போதும். இரண்டு பவுண்டு என்றால் நிம்மதி. பித்தளை அளவுக்குழாய் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக் குடுவையை நேரே குழலில் கவிழ்ப்பவர்களைப் பார்த்துவிட்டு அப்படிச் செய்யாதீர்கள். முந்தின வெடியின் கங்கு உள்ளே கிடந்தால் குடுவையே கையில் வெடிக்கும்.

கேள்வி: நிஜக் கருமருந்திலேயே ‘சுவிஸ்’ என்ற ரகம் விலை கூடுதலாக இருக்கிறது. அந்தக் காசுக்குத் தகுமா? ‘கோயக்ஸ்’ என்ற அமெரிக்கக் கருமருந்து நின்றுபோய்விட்டது என்கிறார்களே?

பதில்: போட்டியில் சுடுபவருக்குத் தகும். சீராக எரியும், குழலில் படியும் கசடு இளகலாக இருக்கும், கெஜக்கோல் தடையில்லாமல் இறங்கும். பருவத்துக்கு இரண்டு மூன்று வெடி போடும் வேட்டைக்காரருக்கு ஜெர்மனியின் ‘ஷூட்சன்’ போதும், கோயக்ஸும் போதும். சுவிஸ்தான் என்றால் ஒன்று: அதற்கு வீரியம் கூட. மற்ற மருந்துக்குப் போட்ட அளவையே போடாமல் குறைத்துத் தொடங்குங்கள்.

கோயக்ஸை நிறுத்தப்போவதாக 2021-ல் ஹாட்ஜ்டன் நிறுவனம் அறிவித்தது உண்மை. பலர் அப்போது பதறி வாங்கிக் குவித்தார்கள். பிறகு எஸ்டெஸ் அதை எடுத்துக்கொண்டது. ஆமாம், பிள்ளைகள் விடும் பொம்மை ராக்கெட் செய்யும் அதே எஸ்டெஸ்தான். அந்த ராக்கெட்டிலும் கருமருந்து உண்டு, அதனால் அவர்களுக்கும் இது வேண்டியிருந்தது.

கேள்வி: நண்பர் பாதி டப்பா புகையில்லா மருந்து (இக்காலத் தோட்டாக்களில் இருப்பது) தருகிறார். பார்க்க அதுவும் கருப்பாகத்தான் இருக்கிறது. வீணாக்காமல் கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. கொஞ்சமாகவும் கூடாது. அதன் அழுத்தம் வேறு. குழல் பிளந்து முகத்தில் அடிக்கும். உங்கள் குழலிலேயே ‘கருமருந்து மட்டும்’ என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். பெயர்ச்சீட்டு இல்லாத எந்த டப்பாவும் உங்கள் வீட்டுக்கு வேண்டாம், நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.