மனப்பாடம் செய்த உரை

வணக்கம் ஐயா. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்க்கச் சொல்லிப் பெற்றோரிடம் பத்து நிமிடம் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். போன முறை ஐந்து பக்கம் எழுதி மனப்பாடம் செய்தும், நடுவில் ஒரு வரி மறந்து அப்படியே நின்றுவிட்டேன். இந்தப் பயம் போக என்ன செய்வது?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரம். அவையஞ்சாமை அதற்கு அடுத்தது, 73. இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பயத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பெற்றோரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

அவர்களை உங்களுக்கு நன்றாகத் தெரியும். சம்பள நாளில் உங்கள் மேசை முன்னால் நிற்பவர்கள்தாம். செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை வெட்டி வந்து, குளித்துவிட்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வருவார்கள். மொழியின் பெருமையை அவர்கள் நிறையக் கேட்டாயிற்று. மலாயில் பாடம் நடக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போனால் பிள்ளை தடுமாறுமோ என்பதுதான் அவர்கள் கவலை. நாலைந்து தாய்மார்களிடம் இப்போதே போய்ப் பேசுங்கள். கேட்கும் கேள்விகளை அவர்கள் பேச்சிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குச் சொல்லும் பதில்தான் உங்கள் உரை. கேள்வி நினைவிருந்தால் பதில் வந்துவிடும். வரி மறந்தாலும் நிற்க வேண்டியிருக்காது.

உங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பங்குப் பணமாகப் பத்து வெள்ளி (மலேசியப் பணம்) கேட்டார். நாளைக்கு வேலை இருக்குமா என்ற அவர்கள் பயமும் தெரிந்து, அவர்களால் எடுத்துக் கொடுக்க முடிந்த தொகையும் தெரிந்து கேட்டது அது. நீங்களும் ஒன்றே ஒன்று கேளுங்கள். 'பதியத் தெரியாதவர்கள் பிறப்புப் பத்திரத்தோடு என்னிடம் வாங்க' என்று சொன்னாலே போதும்.

எழுதியதைத் தூக்கிப் போட வேண்டாம். முதல் இரண்டு வரியும் கடைசி இரண்டு வரியும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவுக்கு ஒரு சின்ன அட்டையில் நாலு சொல். வீட்டில் நின்றபடி வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். மனசுக்குள் ஓட்டிப் பார்த்தால் மூச்சு எங்கே முட்டுகிறது என்று தெரியாது. தகரக் கூரை மண்டபமென்றால் குரல் எதிரொலிக்கும். வாக்கியம் முடிந்ததும் ஒரு மூச்சு விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தால் உங்கள் பத்து நிமிடம் ஐந்தாகிவிடும். எதை விடுவது என்று முன்பே குறித்து வையுங்கள். டத்தோ பட்டம் பெற்றவர்களையும் தலைவர்களையும் ஒவ்வொருவராக விளிப்பதை முதலில் விடலாம். எல்லாருக்கும் சேர்த்து ஒரு வணக்கம் போதும். அந்தத் தாய்மார்களின் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.