183 நாள் கணக்கும் ஒரு பக்கக் கடிதமும்

அன்புள்ள ஐயா,

என் கம்பெனி தன்னுடைய வெளிநாட்டுத் துணை நிறுவனத்துக்கு என்னை இரண்டு வருடம் அனுப்புகிறது. மனைவியும் குழந்தையும் கூட வருகிறார்கள். சம்பளம் வழக்கம்போல இங்குள்ள கணக்கில் விழும், அங்கே வீடும் படியும் தருவோம் என்கிறார்கள். "183 நாளைக்குள் இருந்தால் அங்கே வரி கிடையாது. முதல் ஆறு மாதம் பிசினஸ் விசாவில் போய் வந்துகொண்டிருங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்கிறார் மேலாளர். எச்.ஆர். அனுப்பிய கடிதம் ஒரே பக்கம். கையெழுத்துப் போடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்குப் போடாதீர்கள். நீங்கள் எதையும் கேட்டு வாங்க முடிவது கிளம்பும் வரைதான். விமானம் ஏறிய பிறகு "கம்பெனி வழக்கம் இதுதான்" என்று பதில் வரும்.

முதலில் அந்த 183 நாள். நாடுகளுக்கிடையிலான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்களில் பல, ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் மாதிரி ஒப்பந்தத்தின் 15-வது பிரிவை ஒட்டி எழுதப்பட்டவை. அதில் நாள் கணக்கு மூன்று நிபந்தனைகளில் ஒன்றுதான். சம்பளத்தை அந்த நாட்டு முதலாளியோ அவர் சார்பில் வேறு யாருமோ தரக்கூடாது என்பது இரண்டாவது. உங்கள் கம்பெனிக்கு அந்த நாட்டில் நிலையான அலுவலகம் இருந்தால் அதன் செலவில் அந்தச் சம்பளம் ஏறக்கூடாது என்பது மூன்றாவது. மூன்றும் ஒருசேரப் பொருந்தினால்தான் விலக்கு. சம்பளம் இங்கே விழுந்தாலும், மாதாமாதம் அந்தச் செலவைக் கேட்டு டெபிட் நோட் (பணம் கேட்கும் கணக்குச் சீட்டு) துணை நிறுவனத்துக்குப் போகிறது, வேலை ஏவுவதும் அங்குள்ளவர்கள்தான் என்றால், பல நாடுகளின் வரித்துறை துணை நிறுவனத்தையே உங்கள் முதலாளியாக எடுத்துக்கொள்ளும். அப்போது முதல் நாளிலிருந்தே வரி. ஆகவே ஃபைனான்ஸில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என் செலவு யார் புத்தகத்தில் ஏறுகிறது?

நாளை எண்ணுவதிலும் பலர் தவறுகிறார்கள். இறங்கிய நாள், கிளம்பிய நாள், சனி, ஞாயிறு, காய்ச்சலில் படுத்திருந்த நாள் எல்லாமே கணக்கில் சேரும். பழைய ஒப்பந்தங்கள் சில வரி ஆண்டை வைத்து எண்ணும். புதியவற்றில் பல, எந்தத் தொடர் 12 மாதத்தை எடுத்தாலும் 183-ஐத் தாண்டக்கூடாது என்கின்றன. வரி ஆண்டு ஜனவரியில் தொடங்கும் நாடு என்று வைத்துக்கொள்வோம். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 150 நாள், அடுத்த ஜூனுக்குள் இன்னும் 60 நாள் இருந்தால் மொத்தம் 210. முதல் வருடத்து 150 நாளுக்கும் சேர்த்து விலக்கு போய்விடும். இரண்டு வருடம் இருக்கப்போகிற உங்களுக்கு மேலாளரின் யோசனை எந்த வகையிலும் உதவாது.

பிசினஸ் விசா அதைவிட ஆபத்து. அது பெரும்பாலும் மீட்டிங், பேச்சுவார்த்தை போன்றவற்றுக்கு மட்டும். அதை வைத்துக்கொண்டு அன்றாட வேலையில் உட்கார்ந்தால், பின்னால் வொர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும்போது பழைய பயணங்களைக் கிளறுவார்கள். மாட்டிக்கொள்வது மேலாளர் அல்ல, நீங்கள்தான்.

அடுத்து, இரண்டு நாட்டிலும் வரி வந்தால் யார் கட்டுவது? கடிதத்தில் டாக்ஸ் ஈக்வலைசேஷன் என்ற வார்த்தை இருக்கிறதா பாருங்கள். ஊரில் இருந்திருந்தால் எவ்வளவு வரி பிடித்திருப்பார்களோ அதை மட்டும் கற்பனை வரியாக உங்களிடம் பிடித்துக்கொண்டு, உண்மையான வரியை இரு நாட்டிலும் கம்பெனியே கட்டும் ஏற்பாடு அது. வருடக் கடைசியில் கணக்குத் தீர்ப்பார்கள். சிக்கல் வருவது ஓரங்களில்: கம்பெனி தரும் வீட்டு வாடகையைப் பல நாடுகள் உங்கள் வருமானமாகவே பார்க்கும், அந்த வரி யாருடையது? உங்கள் வாடகை வருமானம், பங்கு லாபம் இந்த ஏற்பாட்டுக்குள் வருமா? ரீஃபண்டு உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், ஆனால் பெரும்பாலும் அது கம்பெனியின் பணம். தெரியாமல் செலவழித்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் திருப்பிக் கட்டுகிறவர்கள் உண்டு. தொடும் முன் கேளுங்கள்.

சமூகப் பாதுகாப்புச் சந்தா (ஓய்வூதியம் போன்றவற்றுக்காகச் சம்பளத்தில் பிடிப்பது) தனி விஷயம், வரி ஒப்பந்தம் இதற்குச் செல்லாது. இரு நாடுகளுக்கிடையே இதற்கென ஒப்பந்தம் இருந்தால் சந்தா எந்த நாட்டில் கட்டப்படுகிறது என்று காட்டும் கவரேஜ் சான்றிதழ் வாங்கிச் சந்தாவை ஒரே நாட்டில் கட்டலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மாறுபவர்களுக்கு அது ஏ1 படிவம், பொதுவாக 24 மாதம் வரை செல்லும். அமெரிக்கா செய்துகொண்ட ஒப்பந்தங்களில் பெரும்பாலும் 5 வருடம். கிளம்பும் முன்பே கையில் வாங்கிவிடுங்கள்.

குடும்பத்தின் விசாவுக்குத் திருமண, பிறப்புச் சான்றிதழ்கள் தேவைப்படும். இரு நாடுகளும் ஆவணச் சான்றுக்கான 1961 ஹேக் உடன்படிக்கையில் இருந்தால் பெரும்பாலும் அப்போஸ்டில் என்ற அரசுச் சான்று போதும், இல்லையென்றால் தூதரகச் சான்றொப்பம். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் முழுப்பெயர் என்றிருந்தால் இன்றைக்கே திருத்த ஆரம்பியுங்கள், மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் நாள் பிடிக்கும். மனைவி வேலைக்குப் போக விரும்பினால், அவருடைய விசா அதை அனுமதிக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மருத்துவக் காப்பீடு இறங்கும் நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.

வாடகை ஒப்பந்தம் யார் பெயரில்? உங்கள் பெயரில் என்றால், கம்பெனி திருப்பி அழைத்தால் பாதியில் விலகும் ஷரத்து வேண்டும். சிங்கப்பூரில் இதை டிப்ளமாடிக் கிளாஸ் என்பார்கள்.

கடைசியாக, திரும்பி வருவது. இதைத்தான் ஒரு பக்கக் கடிதங்கள் அடியோடு விட்டுவிடுகின்றன. எந்தப் பதவிக்குத் திரும்புகிறீர்கள், பாதியில் ப்ராஜெக்ட் நின்றாலோ வேலையே போனாலோ குடும்பத்தின் டிக்கெட்டும் சாமான் அனுப்பும் செலவும் யாருடையது, படிப்பு ஆண்டு முடியும்வரை குழந்தை அங்கே இருக்கலாமா என்று எழுதி வாங்குங்கள். நீங்களே ராஜினாமா செய்தால் இடமாற்றச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்து இருந்தால், மாதத்துக்கு மாதம் அந்தத் தொகை குறைய வேண்டும் என்று கேளுங்கள். அங்கே உழைத்த காலத்துக்கான போனஸ், நீங்கள் திரும்பிய பிறகு வந்தாலும் அந்த நாடு வரி கேட்கலாம். ஆகவே திரும்பிய அடுத்த வருடத்தின் வரித் தாக்கல் செலவையும் கம்பெனி ஏற்கும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.