ஏலம் கேட்டார், பணம் போடவில்லை: விற்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

பழைய காசு, நோட்டு, அஞ்சல்தலை ஆகியவற்றை வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களிலும் ஈபேயிலும் ஏலம் விடும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்ட பிறகு நம்மில் பலர் குழுக்களுக்கு வந்துவிட்டோம். குழுவில் நடுவர் என்று யாரும் இல்லை. விதியை நாமே எழுதி, நாமே காக்க வேண்டும். கேள்விகளில் பாதி இதனால் வந்தவைதான்.

கும்பகோணத்திலிருந்து ஒருவர்: ஐயா, ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாய் நான்கை ஒரே லாட்டாக, அதாவது ஒரே தொகுதியாக, ஏலம் விட்டேன். எடுத்தவர் தினமும் "நாளைக்குப் போட்டுடறேன் சார்" என்கிறார். எத்தனை நாள் பொறுக்கலாம்?

ஏலம் விடும்போது எத்தனை நாள் என்று எழுதினீர்களோ அத்தனை நாள்தான். எழுதவில்லை என்றால் இன்றைக்கே எழுதி அனுப்புங்கள்: "லாட் 6, உங்கள் கேட்பு இவ்வளவு, தபால் செலவு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு. வரும் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குள் பணம் வராவிட்டால் இந்த லாட்டை வேறொருவருக்கு விற்பேன்." கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். தேதியும் நேரமும் இருந்தால் போதும்.

வெள்ளிக் காசில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. வெள்ளி விலை இறங்கும் வாரத்தில், ஏலம் எடுத்தவர் கடை விலையைப் பார்த்துவிட்டு இழுத்தடிப்பார். ஏறினால் அன்றிரவே பணம் வந்துவிடும். அதனால் உலோக மதிப்புள்ள லாட்டுகளுக்கு 24 மணி நேரம், அஞ்சல்தலைக்கும் நோட்டுக்கும் மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே கெடு பொருந்தாது.

சென்னை, பெரம்பூரிலிருந்து: இப்படிப்பட்ட ஆட்களை முன்கூட்டியே தடுக்க வழி உண்டா அண்ணா?

முழுக்கத் தடுக்க முடியாது, பெருமளவு குறைக்கலாம். பணம் போடாமல் நழுவுகிறவர்களில் பலர் ஏமாற்ற வந்தவர்கள் இல்லை. ஏலம் முடிந்த பிறகு, "ஸ்பீட் போஸ்ட், பேக்கிங் சேர்த்து இவ்வளவு" என்று கேட்டதும் மனம் மாறியவர்கள். 150 ரூபாய்க்கு எடுத்த துளைக் காசுக்குத் தபால் செலவு அதில் பாதி என்றால் யாருக்கும் தயக்கம் வரும். அதனால் தபால் செலவு, பணம் செலுத்தும் வழி, கெடு, திருப்பி எடுத்துக்கொள்வீர்களா இல்லையா என்ற நான்கையும் படத்துக்குக் கீழேயே போடுங்கள். பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். பழைய கட்டணத்தை நினைத்துக்கொண்டு கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

புதிய உறுப்பினர் என்றால் முதல் இரண்டு வாங்கல் முடியும்வரை ஓர் உச்சவரம்பு வையுங்கள். விலை அதிகமான லாட்டுக்கு முன்பணம் கேட்கலாம். தோற்றவர்களுக்கு அதை அன்றிரவே திருப்பிவிட வேண்டும். அதில் ஒரு நாள் தாமதித்தாலும் அடுத்த ஏலத்துக்கு நல்ல ஆட்கள் வர மாட்டார்கள்.

திருநெல்வேலியிலிருந்து: முதல் ஆள் ஓடிவிட்டார். இரண்டாவதாகக் கேட்டவரிடம் அவர் சொன்ன கடைசி விலைக்கே கொடுக்கலாம்தானே? அவரே கேட்ட விலைதானே அது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழுக்களில் அதிக மனக்கசப்பு இங்கேதான் பிறக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒவ்வொரு கேட்புக்கும் நூறு ரூபாய் ஏறும் ஏலம். மூன்றாவதாக ஒருவர் 1,500 வரை வந்து நின்றுவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேர் மட்டும் மோதுகிறார்கள். உங்கள் இரண்டாமவர் 3,500 கேட்டார், ஓடிப்போனவர் 3,600 சொல்லி எடுத்தார். ஓடிப்போனவர் ஏலத்துக்கே வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டாமவர் 1,600 ரூபாயில் ஜெயித்திருப்பார். மீதி 1,900 ரூபாயும், பணம் போட எண்ணமே இல்லாத ஒருவர் ஏற்றிவிட்டது. அந்தப் பணத்தை நேர்மையான ஆளிடம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஈபேயில் "இரண்டாம் வாய்ப்பு" என்ற வசதியை அனுப்பினால், அந்த ஆள் வைத்த உச்சத் தொகைக்கே போகும். ஏலம் முடிந்து 60 நாள் வரை அனுப்பலாம், ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். அங்கே அது விதி. நம் குழுக்களில் நான் பரிந்துரைப்பது வேறு: ஓடிப்போனவரின் கேட்புகள் அத்தனையையும் அடித்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டுங்கள். வரும் விலையை இரண்டாமவரிடம் சொல்லுங்கள். அந்த விலை உங்களுக்குக் கட்டவே கட்டாது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு மறு ஏலம் விடுங்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாமவர் மனதில் "இவரே தன் ஆளை வைத்து விலையை ஏற்றினாரோ" என்ற சந்தேகம் கட்டாயம் எழும். வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் எழும். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு இதைப் பற்றியே பேசுகிறது: விற்பவர் போலிக் கேட்பு வைத்து விலையை உயர்த்தினால், வாங்கியவர் விரும்பினால் அந்த விற்பனையையே ரத்து செய்யலாம். நீங்கள் தவறே செய்யாதபோது அந்தச் சந்தேகத்தைச் சுமப்பானேன்? 3,500-க்குப் பதில் 1,600 கேட்கும் விற்பனையாளரை யாரும் அப்படிச் சந்தேகிக்க மாட்டார்கள்.

டொரொண்டோவிலிருந்து: நான் ஈபேயில் இலங்கை அஞ்சல்தலைகள் விற்கிறேன். ஏலத்தில் வென்றவர் பணம் கட்டவில்லை. பொறுமையிழந்து "கையிருப்பு இல்லை" என்று காரணம் காட்டி ரத்து செய்யலாமா?

வேண்டாம். அப்படிச் செய்தால் குறை உங்கள் கணக்கில் ஏறும். வாங்குபவருக்கு நான்கு நாள் கெடு உண்டு. ஐந்தாம் நாளிலிருந்து "வாங்கியவர் பணம் செலுத்தவில்லை" என்ற காரணத்தையே தேர்ந்தெடுத்து ரத்து செய்யுங்கள். விற்பனைக் கட்டணம் உங்களுக்குத் திரும்பிவிடும், செலுத்தாத குறிப்பு அவர் பெயரில் பதியும். "ப்ளீஸ், நான் கேட்டதாகவே ரத்து செய்யுங்களேன்" என்று அவர் எழுதுவார். உண்மையான காரணம் இருப்பதாக நம்பினால் செய்யுங்கள். ஆனால் அப்போது அவர் மேல் எந்தக் குறிப்பும் பதியாது என்பதைத் தெரிந்தே செய்யுங்கள்.

2008-க்குப் பிறகு ஈபேயில் விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு தர முடியாது. அதனால் அடுத்த விற்பனையாளரை எச்சரிக்க இந்தக் குறிப்பு ஒன்றுதான் வழி. உங்கள் அமைப்புகளில், செலுத்தாத குறிப்பு பல பெற்றவர்கள் உங்கள் பொருளுக்கு ஏலம் கேட்க முடியாதபடி தடுக்கும் வசதி இருக்கிறது. இந்த ஆளின் பெயரைத் தடைப் பட்டியலிலும் சேர்த்துவிடுங்கள்.

சேலத்திலிருந்து: பணம் அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். கணக்கில் வரவில்லை. "சர்வர் பிரச்சினை, நீங்க பார்சலைப் போடுங்க, அவசரம்" என்கிறார்.

பார்சலைப் போடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் என்பது ஒரு படம், யாரும் தயாரிக்கலாம். உங்கள் வங்கிக் கணக்கின் வரவுப் பட்டியலில் தொகை தெரிந்தால்தான் அது பணம். வந்த குறுஞ்செய்தியைக்கூட நம்பாதீர்கள், கணக்கைத் திறந்து பாருங்கள்.

இதன் தம்பி முறை மோசடி ஒன்றும் சுற்றுகிறது. "தவறுதலா ஒரு சைபர் அதிகமா போட்டுட்டேன், மீதியைத் திருப்பிடுங்க" என்பார்கள். அல்லது பணம் பெறுவதற்கென்று ஒரு கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடச் சொல்வார்கள். யுபிஐயில் பணம் பெற பின் எண் ஒருபோதும் தேவையில்லை, பின் போட்டால் பணம் உங்களிடமிருந்து போகும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

காரைக்குடியிலிருந்து: என் நிலை தலைகீழ். 1862 விக்டோரியா ரூபாயை மலேசியத் தமிழர் ஒருவர் எடுத்தார். பணம் போடத் தயார், ஆனால் பினாங்குக்கு அனுப்பினால்தான் என்கிறார். அவரைப் பணம் செலுத்தாதவர் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. அவர் மீது தவறே இல்லை. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்வது குற்றம். உறவினர் பையில் கொடுத்தனுப்புவதும் ஏற்றுமதிதான். நிலைமையை விளக்கி, மன்னிப்புக் கேட்டு, ஏலத்தை ரத்து செய்யுங்கள். இனிமேல் இப்படிப்பட்ட லாட்டில் "இந்திய முகவரிக்கு மட்டும்" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கோவையிலிருந்து: 22,000 ரூபாய் லாட். வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா? சட்டத்தில் இடம் இருக்கிறதா?

இடம் இருக்கிறது. நான் முன்பு சொன்ன 64-ஆம் பிரிவின்படி, ஏலம் முடிந்ததாக அறிவிக்கும்வரை யாரும் தன் கேட்பைத் திரும்பப் பெறலாம். அறிவித்த பிறகு முடியாது. அதனால் நேரம் முடிந்ததும் "லாட் 14 முடிந்தது, இன்னாருக்கு, இவ்வளவுக்கு" என்று குழுவில் எழுதிவிட வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை. அதே சட்டத்தின் 54-ஆம் பிரிவு, மறுபடி விற்கப்போவதாக முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விற்றால், ஏற்பட்ட நட்டத்தை முதல் ஆளிடம் கேட்க உரிமை தருகிறது. முன்னறிவிப்பு இல்லாமல் விற்றால் அந்த உரிமை போய்விடும். கும்பகோணத்து நண்பருக்கு அந்தச் செய்தியை எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

ஆனால் மறு ஏலத்தில் 19,000 போனால் உங்கள் நட்டம் 3,000 மட்டுமே. அதற்காக நீதிமன்றப் படி ஏறுவதை நான் சொல்ல மாட்டேன். கேட்டவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் கதை அங்கேயே முடிந்தது. சிறார் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-இலேயே தீர்ப்பாகிவிட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து: பெரிய ஏல நிறுவனங்களிலும் இப்படி நடக்குமா?

நடந்திருக்கிறது. 2009 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்டீஸ் நடத்திய ஏலத்தில், பீஜிங் பழைய கோடை அரண்மனையிலிருந்து கொள்ளைபோன எலி, முயல் வெண்கலத் தலைகளைச் சீனர் காய் மிங்சாவ் இரண்டும் சேர்த்து 3.14 கோடி யூரோவுக்கு எடுத்தார். பிறகு, பணம் கட்டப்போவதில்லை, இது நாட்டுப்பற்றுக்காகச் செய்தது என்று அறிவித்துவிட்டார். விற்பனை நடக்கவில்லை. பின்னால் கிறிஸ்டீஸின் உரிமையாளரான பினோ குடும்பம் அவற்றை வாங்கி 2013-இல் சீனாவுக்கே கொடுத்தது.

வேலூரிலிருந்து ஒரு சகோதரி: பணம் போடாதவரின் பெயர், போன் நம்பர், படம் எல்லாவற்றையும் எல்லாக் குழுக்களிலும் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அப்போதுதான் புத்தி வரும்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது அக்கா. பொருளைத் தேடி எடுத்து, படம் பிடித்து, ஒரு வாரம் காத்திருந்தவர் நீங்கள். ஆனாலும் வேண்டாம். அவதூறு என்று இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் உங்கள் மேலேயே புகார் வரலாம். அதைவிட முக்கியம், காரணம் என்னவென்று நமக்குத் தெரியாது. வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்க, போனையே பார்க்காத மனிதராகக்கூட இருக்கலாம். அட்மினிடம் தனியாகச் சொல்லுங்கள், உரையாடலையும் ஏல முடிவையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரே ஆள்மேல் இரண்டு மூன்று விற்பனையாளர்கள் சொன்னால் அட்மின் நீக்கட்டும்.

விருதுநகரிலிருந்து: கடைசி நொடியில் வந்து கேட்பவர்கள்தான் பணம் போடுவதில்லை என்கிறார்களே?

அப்படி இல்லை. கடைசி நொடியில் கேட்பது ஓர் உத்தி, அவ்வளவுதான். நன்றாகத் தெரிந்த சேகரிப்பாளர்கள்தான் பெரும்பாலும் அப்படிச் செய்வார்கள். குழுவில் தொல்லையாக இருந்தால், கடைசிக் கேட்புக்குப் பிறகு ஐந்து நிமிடம் நீளும் என்று விதி வையுங்கள்.

மீண்டும் கும்பகோணம்: வெள்ளிக்கிழமையும் பணம் வரவில்லை ஐயா. மறு ஏலம் விடும்போது என்ன எழுத வேண்டும்?

"முந்தைய ஏலத்தில் பணம் வராததால் மீண்டும் வருகிறது" என்ற ஒரு வரி. யார் பெயரும் வேண்டாம், போன தடவை எவ்வளவுக்குப் போனது என்றும் போட வேண்டாம். அதே ஆரம்ப விலை வையுங்கள். போன முறை கேட்டவர்களுக்குத் தனித்தனியாக ஒரு தகவல் அனுப்பிவிடுங்கள், ஓடியவரைத் தவிர.