வளர்ச்சி ஹார்மோன் அதிகம், பையன் மட்டும் வளரவில்லை

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. மிகவும் குட்டையாக இருக்கிறான். ரத்தப் பரிசோதனையில் வளர்ச்சி ஹார்மோன் அதிகம், ஐஜிஎஃப்-1 மிகக் குறைவு என்று வந்திருக்கிறது. ஹார்மோன் அதிகம் இருந்தும் ஏன் வளரவில்லை? வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமா? நானும் என் மனைவியும் நெருங்கிய சொந்தம். அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா?

பதில்: அந்த ஊசிக்கு அவசரப்பட வேண்டாம். வளர்ச்சி ஹார்மோன்தான் நேராகப் போய் எலும்பை நீட்டுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதி வேலை அப்படி நடப்பதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் அந்த ஹார்மோன் ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போய், அங்கே செல்களின் மேல் இருந்து செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் ஒட்டி, செய்தி உள்ளே போய்ச் சேர்ந்தால்தான் ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோன் உருவாகும்; எலும்பு நுனியில் இருக்கும் குருத்தெலும்புச் செல்கள் பெருகுவதற்கு அது வேண்டும். பையனின் கை எக்ஸ்ரே இருந்தால் எடுத்துப் பாருங்கள். விரல் எலும்புகளின் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு தெரியும், பார்த்ததும் எலும்பு முறிவோ என்று பயந்துவிடாதீர்கள், வளர்ச்சித் தட்டு அதுதான். அது மூடாதவரை உயரம் கூட இடமிருக்கிறது.

உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தால் ஏற்பியில்தான் எனக்குச் சந்தேகம். கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், உள்ளே இருப்பவருக்குக் காது கேட்கவில்லை. ஐஜிஎஃப்-1 ஏறாததால் ‘போதும்’ என்ற தகவல் பிட்யூட்டரிக்குத் திரும்பிப் போவதில்லை, அதனால் அது இன்னும் சுரக்கிறது. இதை லாரோன் சிண்ட்ரோம் என்கிறோம், 1966-ல் இஸ்ரேலில் ஸ்வி லாரோன் குழுவினர் விவரித்த நோய். ஈக்வடாரின் தெற்கில் இது உள்ளவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களிடம் சர்க்கரை நோயும் புற்றுநோயும் மிக அபூர்வம் என்பது ஆராய்ச்சியாளர்களையே அசத்திய விஷயம் (உங்களுக்கு இப்போது அது ஆறுதலாக இருக்காது, தெரியும்).

ஆனால் ஒன்று. சத்துக் குறைவிலும் கல்லீரல் நோயிலும்கூட இதே மாதிரி ரிசல்ட் வரும். வளர்ச்சி ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரப்பது, ஒரே ஒரு தடவை எடுத்த அளவை வைத்து முடிவுக்கு வர முடியாது. குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் காட்டி, இவற்றையெல்லாம் பார்த்த பிறகு மரபணுப் பரிசோதனை செய்யுங்கள். லாரோன்தான் என்று உறுதியானால் ஐஜிஎஃப்-1-ஐயே ஊசியாகக் கொடுக்கலாம், மெகாசெர்மின் என்று பெயர், தினமும் இரண்டு வேளை. உயரம் ஓரளவு கூடும், மற்ற பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிடுவான் என்று நான் சொல்லமாட்டேன்.

அப்புறம், அகாண்ட்ரோபிளேசியா என்ற குள்ளத்தன்மைக்கு 2021-ல் வோசோரிடைட் என்று ஓர் ஊசி வந்தது. யாராவது அதைச் சொன்னால் குழம்ப வேண்டாம். அங்கே ஹார்மோன் சரியாகத்தான் இருக்கும், குருத்தெலும்பிலேயே எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற ஏற்பி ஓயாமல் வளர்ச்சியை அடக்கிக்கொண்டிருக்கும். நோயே வேறு.

அடுத்த குழந்தை? பெற்றோர் இருவரும் பழுதான மரபணுவை ஆளுக்கு ஒன்று சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் 4-ல் 1 வாய்ப்பு. சொந்தத்தில் மணம் முடித்தவர்களிடம் இது கூடுதலாக நேர்வதற்குக் காரணமும் அதுதான். பையனின் மரபணு முடிவு கைக்கு வந்த பிறகு ஆலோசனை பெற்றுவிட்டு அடுத்ததைத் திட்டமிடுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன். அதிகாலையில் வியர்த்துப்போய், எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் சோர்ந்து கிடந்திருக்கிறானா? இந்தக் குழந்தைகளுக்கு வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை இறங்கும், மெகாசெர்மினும் அதை இறக்கும் என்பதால்தான் சாப்பாட்டை ஒட்டியே அதைப் போடச் சொல்கிறோம். அப்படி நடந்திருந்தால் மரபணு முடிவுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், இரவில் பட்டினியாகத் தூங்க விடாதீர்கள்.