புரோட்டான் சிகிச்சைக்காக வீட்டை விற்கலாமா?

கேள்வி: 66 வயதான என் அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். வேறெங்கும் பரவவில்லை. எக்ஸ்ரே கதிர்வீச்சு போதும் என்கிறார் மருத்துவர். சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து தரும் ஒருவரோ, "அது பழைய முறை, புரோட்டானில் பக்கவிளைவே கிடையாது, இந்த வாரமே முன்பணம் கட்டுங்கள்" என்கிறார். வீட்டை விற்றுவிடலாமா?

பதில்: விற்காதீர்கள். முன்பணமும் கட்டாதீர்கள்.

எக்ஸ்ரே கட்டியைத் தாண்டி உடலின் மறுபக்கம் வரை போகும். புரோட்டான் என்பது அணுவுக்குள் இருக்கும் நுண்துகள்; அது குறித்த ஆழத்தில் ஆற்றலைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். கட்டியை அழிக்கும் வலிமை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். புராஸ்டேட்டை ஒட்டியே மலக்குடலும் சிறுநீர்ப்பையும் இருப்பதால், அவற்றின் ஓரம் எந்த முறையிலும் தப்பாது. 450 ஆண்களிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது. குடல் தொந்தரவிலும் வேறுபாடு தெரியவில்லை, நோய் கட்டுப்பட்டதிலும் தெரியவில்லை. பக்கவிளைவே கிடையாது என்பவர் உங்களிடம் மருத்துவம் பேசவில்லை, விற்கிறார்.

குழந்தைகள் விஷயம் வேறு. சிறுமூளையில் வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கு முதுகுத்தண்டு முழுவதும் கதிர்வீச்சு தர வேண்டியிருக்கும். கதிர்வீச்சு எங்கெங்கே படும் என்று வண்ணத்தில் காட்டும் திட்டப் படங்களை, இரண்டு முறைக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் புரியும்: எக்ஸ்ரே படத்தில் இதயம், நுரையீரல், குடல் எல்லாவற்றின் மேலும் வண்ணம் படர்ந்திருக்கும், புரோட்டான் படத்தில் தண்டுக்கு முன்னால் வண்ணமே அநேகமாக இருக்காது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு வாழ வேண்டிய காலம் நீண்டு கிடக்கிறது. அந்த உறுப்புகள் பழுதாகாமல் இருக்க வேண்டும், பிற்காலத்தில் கதிர்வீச்சாலேயே இன்னொரு புற்று வரக்கூடாது. அந்தப் பெற்றோர் கேட்டால், எப்பாடுபட்டாவது போய்ச் சேருங்கள் என்பேன். அந்தப் பிள்ளைகளின் படத்தைக் காட்டித்தான் உங்கள் அப்பாவுக்கு விலை பேசுகிறார்கள்.

அந்த மனிதருக்கு யார் கமிஷன் தருகிறார்கள் என்று நேராகவே கேளுங்கள். பேச்சு மாறும். அவசரமும் அவர் உண்டாக்கியதே. பரவாத புராஸ்டேட் புற்றுநோயில் பெரும்பாலும் சில வாரங்கள் யோசிக்க நேரம் உண்டு. இதையெல்லாம் உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டியது மருத்துவமனை. ஐந்து நிமிடத்தில் "அடுத்தவர்" என்று அழைத்துவிடுகிறார்கள். வெளியே நாற்காலியில் பொறுமையாகக் காது கொடுக்க இந்த இடைத்தரகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

கதிர்வீச்சு மருத்துவர் இன்னொருவரிடம் நீங்களே நேரில் போங்கள். "புரோட்டானால் என் அப்பாவின் மலக்குடலுக்குக் கதிர்வீச்சு எவ்வளவு குறையும்?" என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். பயாப்ஸியில் எடுத்த திசு இருக்கும் கண்ணாடித் துண்டுகளும் ஸ்கேன் குறுந்தகடும் உங்கள் பையிலேயே இருக்கட்டும்; இடைத்தரகர் கைக்குப் போக வேண்டாம்.